ஜாடிக்குள் யார் கைமணம்

லெஸ்கோவாட்ஸ்
7 செப்டம்பர் 2015

அருமை தெசாங்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், உன் அண்ணனின் இடுப்பைத் தவிர. வலி போன வருஷம் இருந்த அளவுதான், முனகல்தான் கூடியிருக்கிறது. பெல்கிரேட் பஸ் டிரைவர் ஸ்டோயானிடம் ஒரு பெட்டி மிளகாய் கொடுத்தனுப்புகிறேன். எல்லாம் பெரிய சிவப்பு மிளகாய், காரமில்லாதது, சதைப்பற்றுள்ளது, சுட்டால் தோல் கையோடு வந்துவிடும், அரைத்து எண்ணெயில் கிளறினால் ஐவார் தயார். வழக்கம்போலக் கடிதத்தையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டேன். ஃபோனில் பேசலாம்தான். ஆனால் நான் ஃபோனை எடுத்தால் உன் அண்ணன் ராதோயே பக்கத்தில் வந்து நின்று, நீ கேட்பதற்கெல்லாம் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறார். எழுதினால்தான் நான் ஆரம்பித்ததை நானே முடிக்க முடிகிறது.

இந்தக் கோடையிலும் நீ வரவில்லை. காரணம் கேட்க மாட்டேன். உன் முடிதிருத்தகத்தில் கல்யாணக் கூட்டம் என்பாய், நானும் நம்புவதுபோல் தலையாட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை டிவியில் எங்கள் ருமெனா தொழிற்சாலை டைரக்டர் புர்கிச்சைப் பார்த்தாயா? பகல் வேலை செய்கிற நாங்கள் நாற்பது பேரும் சாப்பாட்டு அறையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து பார்த்தோம். நம்ம முதலாளி டிவியில் வருகிறாரே என்று ஒருத்தி ஒலியைக்கூடக் கூட்டி வைத்தாள். பேட்டி எடுத்த பெண் அவரிடம், ருமெனா ஐவார் இவ்வளவு விற்கிறதே, அப்படியானால் யாரும் வீட்டில் செய்வதில்லையா என்று கேட்டாள். அந்த மனிதர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார்:

“இப்ப எந்தப் பொண்டாட்டிக்குங்க ஐவார் பண்ணத் தெரியுது? எங்க ஜாடிய வாங்கி, வீட்டுப் பழைய ஜாடியில மாத்தி, மேல தாளக் கட்டி, மாமியார் முன்னாடி வெக்கிறாங்க. செர்பியாக்காரி கை இப்ப மூடி திருகத்தான் லாயக்கு.”

ஒலியைக் கூட்டினவளே போய் டிவியை அணைத்தாள். நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் மறுபடி முற்றத்தில் அடுப்பு மூட்டி மிளகாய் சுடுகிறவர்கள். கை விரல் கறுத்துப்போனது நவம்பர் வரை வெளுக்காது. எனக்கு எரிந்தது வேறு இடத்தில். ருமெனா என்னவோ தானே கொதித்துத் தானே ஜாடிக்குள் ஏறிக்கொள்வதுபோல் பேசினார். சுடுவதும் தோலுரிப்பதும் நாங்கள். நான்கு மணி நேரம் எண்ணெயில் கிளறுவதும் நாங்கள். கடைசிக் கொப்பரையில் நீளக் கரண்டியை விட்டு, உப்புப் பார்த்து, சரி என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அது ஜாடிக்கே போகும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கரண்டி என் கையில் இருக்கிறது. எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, என் பாட்டு போதும். உன் வீட்டுக்காரர் மிலுட்டினுக்கு என் அன்பு. மிளகாயை நிழலில் பரப்பி வை.

உன் அண்ணி
விதோசாவா


பெல்கிரேட்
21 செப்டம்பர் 2015

அன்புள்ள அண்ணிக்கு,

மிளகாய் வந்து சேர்ந்தது. ஒன்றுகூட அடிபடவில்லை. ஸ்டோயான் அதைத் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கொண்டுவந்தாராம். உங்கள் பெயர் சொன்னாலே அவருக்குப் பயம்.

அண்ணி, நீங்கள் டிவியில் என்னைப் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை என்றால் அண்ணன் பார்த்து உங்களைக் கூப்பிட்டிருப்பார்.

அந்த ஆள் பேசிய அன்றைக்கு என் கடையில் ஆறு பேர் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் கோபம் வந்தது. அதில் பள்ளி ஆசிரியை ஒருவர், தலையில் சாயத்தோடே எழுந்து போய், எதிர்க் கடையிலிருந்து ஒரு தாள் வாங்கி வந்து, ‘இங்கே ருமெனாவுக்கு இடமில்லை’ என்று எழுதி என் கண்ணாடியில் ஒட்டினார். அடுத்த நாள் பெண்கள் வீட்டிலிருந்த காலி ருமெனா ஜாடிகளைக் கொண்டுவந்து கடை வாசலில் அடுக்கினார்கள். அதற்கு அடுத்த நாள் பெரிய அங்காடி வாசலில். சனிக்கிழமை இருநூறு பேர் வந்துவிட்டோம். நடக்க இடமில்லாமல் ஜாடிகள். ருமெனா அடுக்கியிருந்த தட்டுப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை.

மைக்கை நீட்டினார்கள். எல்லோரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள், லெஸ்கோவாட்ஸ்காரி, ஐவார் ஊர்க்காரி, நீ பேசு என்று. நான் பேசினேன் அண்ணி. “என் வீட்டு மேஜையில ருமெனா ஏறினதே இல்ல. அது ஐவாரில்ல, சேறு. எங்க கை எதுக்கு லாயக்குன்னு அவரு வந்து பாக்கட்டும்.” எல்லோரும் கை தட்டினார்கள். மிலுட்டின் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஃபோன் செய்தார்கள். என் மாமியார்கூட, பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, என்னை ‘நம்ம தெசாங்கா’ என்றார்.

அது நீங்கள் வேலை செய்யும் இடம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நீங்களும் ஒரு பெண்தானே. உங்கள் நாற்பது பேரும் ஒரே ஒரு நாள் வேலையை நிறுத்தினால் இது நாடு முழுக்கப் பேசப்படும். யோசியுங்கள். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
தெசாங்கா


லெஸ்கோவாட்ஸ்
5 அக்டோபர் 2015

தெசாங்காவுக்கு,

பார்த்தேன். உன் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே பார்த்தார், இடுப்பு வலியை மறந்து. ‘என் தங்கச்சி, என் தங்கச்சி’ என்று தெருவுக்கே கேட்கிறாற்போல் சொன்னார். நீ தலைநிமிர்ந்து நின்றது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சேறு என்று சொல்லும் வரை.

புர்கிச்சை நீ என்ன வேண்டுமானாலும் சொல். ஜாடிகளை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் அடுக்கு. ஆனால் கொப்பரைக்குள் கிடப்பது புர்கிச் இல்லை. அது என் கை. நான் ஜுரத்தோடு வந்து உப்புப் பார்த்திருக்கிறேன். என் அப்பாவைப் புதைத்த மறுநாள் வந்து பார்த்திருக்கிறேன். சரியில்லாத ஒரு கொப்பரையைக் கீழே கொட்டச் சொல்லி மேலாளரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். நீ சேறு என்றது அதைத்தான்.

இன்னும் ஒன்று. உன்னைச் சங்கடப்படுத்த எழுதவில்லை, ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மிலுட்டின் வீட்டுக் காவல் புனிதரின் நாள் விருந்துக்கு நாங்கள் வந்திருந்தோமே. மேஜையில் உன் ஐவார் இருந்தது. எல்லோரும் புகழ்ந்தார்கள். நீ எல்லாம் ஒழுங்காகத்தான் செய்திருந்தாய். பழைய ஜாடி, மேலே சுட வைத்த எண்ணெய், மெல்லிய தாள், நூல்கட்டு. ஆனால் தெசாங்கா, மேலே பாலாடை மாதிரி ஆடை இல்லை. வீட்டில் செய்கிறவள் ஜாடியை அடுப்புக்குள் வைத்து எடுப்பாள், மேலே ஆடை கட்டும். அதற்கு மேல்தான் எண்ணெய் ஊற்றுவாள். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அது என் உப்பு. செப்டம்பர் மாதத்துக் கொப்பரையா அக்டோபர் மாதத்துக் கொப்பரையா என்றுகூட என்னால் சொல்லியிருக்க முடியும்.

நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அண்ணனிடம்கூட. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபமே வரவில்லை. பால்கனிக்குப் போய்த் தனியாக நின்று சிரித்தேன். பெல்கிரேட்காரர்கள் நாற்பது பேர் என் கைச்சமையலை விரல் நக்கிச் சாப்பிடுகிறார்கள், யாருக்கும் தெரியாது. அன்றைக்கு மாதிரி நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை.

இப்போது இங்கே நடப்பது. யாரும் ருமெனா வாங்குவதில்லை. இரவு நேர மூன்றாவது ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்த பதினான்கு பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ என் நாத்தனார் என்று யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். புர்கிச் என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, மெதுவாகக் கேட்டார்: “உங்க நாத்தனார் நம்ம சரக்கு வாங்குறதுண்டா? ஒரு வார்த்த கேமரா முன்னாடி சொல்லுங்க. மறுநாள் அந்தப் பதினாலு பேரும் வேலைல இருப்பாங்க.”

எப்படி மோப்பம் பிடித்தார் என்று தெரியவில்லை. பாதி நாடு அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும், அதனால் குருட்டாம்போக்கில் கேட்டிருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். காப்பியைத் தொடவில்லை.

விதோசாவா


பெல்கிரேட்
8 அக்டோபர் 2015

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு படித்தேன். முகம் எரிந்தது.

கல்யாணமான முதல் வருஷம் நானும் பால்கனியில் அடுப்பு வைத்துச் சுட்டேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. மேல்வீட்டுக்காரர்கள் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் மாமியார் அத்தனை பேர் முன்னாலும், “லெஸ்கோவாட்ஸ்ல பொண்ணு எடுத்தோம், புகைதான் வந்துச்சு” என்றார். அடுத்த வருஷம் ருமெனா வாங்கி மாற்றி வைத்தேன். புகழ்ந்தார்கள். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? உங்களிடம் கேட்டிருந்தால் ஜாடி ஜாடியாக அனுப்பியிருப்பீர்கள். கேட்கவும் என் தலைக்கனம் விடவில்லை. வருஷா வருஷம் நீங்கள் அனுப்பும் மிளகாயை வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன். ஆடை விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. அடுப்பில் அன்றைக்கு ரொட்டி வெந்துகொண்டிருந்தது, இடமில்லை.

பதினொரு வருஷம் உங்கள் சமையலை என் பெயரில் வைத்துவிட்டு, மைக்கைக் கண்டதும் சேறு என்றேன். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை.

பதினான்கு பேர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் சொல்லாதீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். அடுத்த மாதம் எட்டாம் தேதி மிலுட்டின் வீட்டுப் புனிதரின் நாள், வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். அதை எழுதுவதே ஒருவிதத்தில் கேட்பதுதான் என்று எனக்குத் தெரிகிறது. அந்த வரியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும். உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள்.

தெசாங்கா


லெஸ்கோவாட்ஸ்
17 அக்டோபர் 2015

அருமை தெசாங்காவுக்கு,

தீயணைப்பு வண்டி வந்ததை இத்தனை வருஷம் எனக்குச் சொல்லாமல் மறைத்தாயே, அதுதான் எனக்கு வருத்தம். சமையலறையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

திங்கட்கிழமை போனேன். கேமராக்காரர்கள் தயாராக விளக்குப் போட்டு வைத்திருந்தார்கள். நான் வேலை உடுப்போடு, கரண்டியும் கையுமாகவே போனேன். புர்கிச் மறுபடி கேட்டார். நான் சொன்னேன்:

“எவ வீட்டு ஜாடியில என்ன இருக்குன்னு சொல்றதுக்கு எனக்கு இங்க வேல இல்ல. எனக்கு உப்புப் பாக்குற வேல. ஆனா ஒண்ணு கேளுங்க. ஒருத்தி நம்ம ஐவார எடுத்துத் தன் பேர்ல மாமியார் முன்னாடி வெக்கிறான்னா, அது அவ்வளவு நல்லா இருக்குன்னு அர்த்தம். நாப்பது பொம்பளைங்க அவ்வளவு நல்லாப் பண்ணியிருக்கோம். நீங்க அவளயும் பாத்துச் சிரிச்சீங்க, எங்களயும் பாத்துச் சிரிச்சீங்க. நீங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்.”

விளக்கை அணைக்கச் சொன்னார். கரண்டியை வைத்துவிட்டு ஜாடி கழுவப் போகச் சொன்னார். மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். ஜாடி கழுவுவது ஒன்றும் கேவலமில்லை, வெந்நீர் வேறு.

பிறகு நடந்ததைக் கேள். கொப்பரை இறக்கும் நேரம் வந்தது. மேலாளர் கரண்டியைக் கொண்டுவந்து கோர்தானாவிடம் நீட்டினார். எனக்கு நாக்கு சரியில்லை என்றாள். அடுத்தவளிடம் நீட்டினார். அவளுக்குப் பல்வலி. இப்படியே வரிசையாக அத்தனை பேரும். ஒருத்திக்கு ஜலதோஷம், ஒருத்திக்கு விரதம். கையெழுத்து இல்லாமல் ஜாடிக்கு விட முடியாது. கொப்பரை ஆறிக் கட்டியாகிவிட்டது. மறுநாளும் அப்படியே. மிளகாய் லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்று, தெரு முழுக்கப் புளித்த வாடை. மூன்றாம் நாள் காலை மேலாளர் ஜாடி கழுவும் இடத்துக்கு வந்து, கரண்டியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நீ ஒரு நாள் வேலையை நிறுத்தச் சொன்னாய். நாங்கள் நிறுத்தவில்லை. எல்லோருக்கும் உடம்புதான் சரியில்லை.

பதினான்கு பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அவர்களே வந்து, நீ சொன்னது சரி என்றார்கள்.

உன் ஜாடியைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

உன் அண்ணி
விதோசாவா


பெல்கிரேட்
10 நவம்பர் 2015

என் அண்ணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை புனிதரின் நாள் நன்றாக நடந்தது. பாதிரியார் வந்து வழக்கப்படி சடங்கு ரொட்டியை வெட்டினார். மிலுட்டினின் அக்காக்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள், அண்டை வீட்டார், என்னோடு அங்காடி வாசலில் நின்ற பெண்கள் ஏழெட்டுப் பேர். அவர்களோடு, புர்கிச்சை டிவியில் பேட்டி எடுத்த செய்தியாளர் பெண்ணும் வந்துவிட்டாள். இந்த நாளில் வருகிறவரை யாரும் திருப்பி அனுப்பக்கூடாதே.

நான் ஐவாரை எதிலும் மாற்றவில்லை அண்ணி. ருமெனா ஜாடியை அதன் பெயர்த்தாளோடு அப்படியே கொண்டுவந்து மேஜை நடுவில் வைத்தேன். அந்தப் பள்ளி ஆசிரியைதான் முதலில், “தெசாங்கா, நாம இத வாங்குறதில்லன்னு சொல்லியிருக்கோமே” என்றார். இது ஆகஸ்டிலேயே வாங்கியது என்றேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உட்காராமல் நின்றபடியே சொன்னேன்: “பதினோரு வருஷமா இந்த மேஜையில நீங்க சாப்பிட்டது இதுதான். நான் பண்ணல. லெஸ்கோவாட்ஸ்ல என் அண்ணி விதோசாவா உப்புப் பாத்து அனுப்புறது. நான் மாத்தி வெச்சுப் பேர் வாங்கினேன். டிவியில பொய் சொன்னேன். அது சேறில்ல.”

மாமியார் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரண்டியால் எடுத்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு, “உன் அண்ணிய அடுத்த வருஷம் கூப்பிடு” என்றார். அவ்வளவுதான். என்னை ‘நம்ம தெசாங்கா’ என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும்.

மறுநாள் டிவியிலும் பேப்பரிலும் வந்துவிட்டது. ஐந்தாறு வாடிக்கைக்காரர்கள் இனி வர மாட்டோம் என்றுவிட்டார்கள். தெருவில் ஒருவன் என்னைப் பார்த்து மூடி திருகுவதுபோல் கையைக் காட்டினான். நான் நிமிர்ந்துதான் நடந்தேன். ஏனென்றால் நேற்று முழுக்கக் கடையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. நானும் மாற்றி வைத்தேன், நானும், நானும் என்று. ஒருத்தி நீதிபதியின் மனைவி. இருபது வருஷமாம். உங்கள் பெயரை எழுதிக்கொள்ள வேண்டும் என்றாள்.

இன்னொரு செய்தி. இன்று காலை புர்கிச் டிவியில் மன்னிப்புக் கேட்டுவிட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘செர்பியாவின் இல்லத்தரசிகளிடம்’ என்று தலையைக் குனிந்து காகிதத்தைப் பார்த்துப் படித்தார். எங்கள் பெண்கள் ஜெயித்துவிட்டோம் என்கிறார்கள். இனிமேல் வாங்கலாமா என்று எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். பதினான்கு பேர் வேலையும் அதில்தானே இருக்கிறது. என் அண்ணியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீங்கள் சொல்வதை அப்படியே அங்காடி வாசலில் நின்று படிப்பேன்.

உங்கள்
தெசாங்கா


லெஸ்கோவாட்ஸ்
14 நவம்பர் 2015

என் தெசாங்காவுக்கு,

உன் கடிதத்தை நான் உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, புகை என்றார். மிளகாய் சுட்டு முடித்த பிறகு நவம்பரில் ஏது புகை?

பிறகு தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு அறையில் படித்தேன். வீட்டிலிருக்கும் பதினான்கு பேரையும் வரச் சொல்லியிருந்தேன். நீ எழுந்து நின்று சொன்ன இடத்தை மூன்று தடவை படிக்க வைத்தார்கள். உன்னைவிடப் பெரிய வேலை நாங்கள் யாரும் செய்யவில்லை. ஜாடி கழுவுவது சுலபம்.

புர்கிச் பேசியதையும் எல்லோரும் பார்த்தோம். இல்லத்தரசிகளிடம் கேட்டார். எங்களிடம் கேட்கவில்லை. அந்தப் பதினான்கு பேரைப் பற்றி மூச்சு விடவில்லை. மன்னிப்பைக்கூட அவர் வாங்குகிறவர்களுக்குத்தான் கொடுக்கிறார். செய்கிறவர்கள் இன்னும் அவர் கண்ணில் படவில்லை. விற்பனை ஏறினால் எல்லோரையும் திரும்ப எடுப்பாராம், மேலாளர் வந்து சொன்னார். அதைக் கேட்டு அந்தப் பதினான்கு பேரில் ஸ்வெத்தானா, மூன்று பிள்ளைக்காரி, அவள்தான் முதலில் எழுந்து, அவர் எங்களிடமும் மன்னிப்புக் கேட்கும் வரை யாரும் ருமெனா வாங்க வேண்டாம் என்றாள். பிறகு கை தூக்கச் சொல்லி எண்ணினோம். ஒரு கைகூடக் கீழே இல்லை.

ஆகையால் அங்காடி வாசலில் நின்று இதை அப்படியே படி: ருமெனாவைச் சமைக்கிறவர்கள் நாங்கள். அது நல்ல ஐவார், இந்த நாட்டில் அதைவிட நல்லது கடையில் கிடையாது. அதை வாங்காதீர்கள். வேலை போன பதினான்கு பேரும் உள்ளே வந்து, புர்கிச் எங்கள் முன்னால் நின்று, எங்கள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் வரை, நாங்கள் செய்ததில் ஒரு கரண்டிகூட உங்கள் வீட்டுக்குள் போகக் கூடாது.

உன் அண்ணி
விதோசாவா

(கீழே ஐம்பத்து நான்கு கையெழுத்துகள்)